முட்டி போட்டவன் கோழையா?

குத்துச்சண்டை என்றால் நம்மவர்களுக்குத் தனி வெறி. பிரிக்பீல்ட்ஸ் ஆனாலும் சரி, கிள்ளான் ஆனாலும் சரி, பெரிய ஆட்டம் நடக்கும் நாளில் மாமாக் கடையில் நாற்காலி கிடைக்காது. அங்கே உட்கார்ந்திருக்கும் அத்தனை பேரும் நடுவர்கள். அத்தனை பேரும் பயிற்றுநர்கள். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான். வழக்காடுவது என் தொழில், குத்துச்சண்டை பார்ப்பது என் பழக்கம்.

அந்தக் கூட்டத்தில் அடிக்கடி காதில் விழும் ஒரு சொல்லைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. "கோழை" என்பதே அந்தச் சொல். குத்து வாங்கி முட்டி போட்டு, பத்து எண்ணும் வரை எழாமல் இருந்தவன் கோழை. கையை உயர்த்தி முகத்தை மறைத்தபடியே எல்லாச் சுற்றையும் ஓட்டியவன் கோழை. ஆட்டத்தை நிறுத்தச் சொன்ன பயிற்றுநர் துரோகி. இப்படித்தான் நாம் தீர்ப்பு எழுதுகிறோம்.

இந்தத் தீர்ப்பு தவறு என்பது என் வாதம். இது வெறும் விளையாட்டுப் பேச்சு அல்ல. நம் பிள்ளைகள் இன்று குத்துச்சண்டை, முவாய் தாய், கலப்புத் தற்காப்புக் கலை என்று பயிற்சிக் கூடங்களுக்குப் போகிறார்கள். நாம் தேநீர் குடித்துக்கொண்டே சொல்லும் தீர்ப்பு அவர்கள் காதில் விழுகிறது. அது ஒரு நாள் அவர்களின் உயிரோடு விளையாடும்.

இரண்டு ஆட்டங்கள், ஒரே பழி

கோலாலம்பூர் மண்ணில், உலகமே திரும்பிப் பார்த்த குத்துச்சண்டை ஆட்டங்கள் இரண்டு.

முதலாவது, 1975 ஜூலை 1. இடம் மெர்டேக்கா அரங்கம். 1957இல் துங்கு அப்துல் ரஹ்மான் சுதந்திரம் முழங்கிய அதே அரங்கம். உலக ஹெவிவெயிட் வெற்றியாளர் முகமது அலியும் பிரிட்டனின் ஜோ பக்னரும் மோதினார்கள். அமெரிக்காவில் முதல் நாள் இரவு, நம் ஊரில் காலை. அவர்கள் பார்க்க வசதியான நேரத்தில், நம் வெயிலிலும் புழுக்கத்திலும் 15 சுற்றுகள்.

அலி அப்போது புகழின் உச்சியில் இருந்தார். 1974 அக்டோபரில் கின்ஷாசாவில் ஜார்ஜ் ஃபோர்மேனை எட்டாவது சுற்றில் சாய்த்து, பறிபோன பட்டத்தை மீட்டிருந்தார். வியட்நாம் போருக்குப் போக மாட்டேன் என்று 1967இல் மறுத்து, பட்டத்தையும் ஆடும் உரிமத்தையும் இழந்து, மூன்று ஆண்டுகளுக்கு மேல் மேடையேற முடியாமல் இருந்து, 1971இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் வென்றவர் அவர். அவர் நம் ஊருக்கு வந்தது வெறும் விளையாட்டுக்காரரின் வருகை அல்ல. கோலாலம்பூரின் அன்றைய இளைஞர்கள், இன்றைய தாத்தாக்கள், இன்னமும் அதைப் பேசுகிறார்கள்.

ஆட்டம் எப்படி இருந்தது? உள்ளதைச் சொன்னால், மந்தமாக இருந்தது. அலி தொடர்ந்து குத்தினார். பக்னர் இரண்டு கைகளையும் உயர்த்தி, முழங்கைகளை ஒட்டி வைத்து, தற்காப்பிலேயே நின்றார். 15 சுற்று முடிவில் நடுவர்கள் ஒருமனதாக அலிக்கே வெற்றியைத் தந்தார்கள். பக்னருக்கு என்ன கிடைத்தது? பழி. வெல்ல முயற்சியே செய்யாதவர் என்று அவர் நாட்டுப் பத்திரிகைகளே கிழித்தன.

இரண்டாவது, 2018 ஜூலை 15, புக்கிட் ஜாலில் ஆக்சியாத்தா அரங்கம். பிலிப்பீன்ஸின் மேனி பக்கியாவ், அர்ஜென்டினாவின் லூகாஸ் மத்தீசே. அன்றிரவு பிரான்சுக்கும் குரோசியாவுக்கும் உலகக் கிண்ணப் பந்து இறுதியாட்டம். ஆனால் பகலில் கோலாலம்பூருக்கு அது குத்துச்சண்டை நாள். பிரதமர் மகாதீரே நேரில் வந்து பார்த்தார்.

பக்கியாவுக்கு அப்போது 39 வயது. 2009இல் மிகுவெல் கோட்டோவைத் தோற்கடித்த பிறகு, எதிராளியை ஆட்ட நேரத்துக்குள் முடித்து அவர் வென்றதே இல்லை. கதை முடிந்தது என்று பலர் எழுதிவிட்டிருந்தனர். ஆனால் அன்று அவருடைய இடது கை பழையபடி பேசியது. மூன்றாவது சுற்றில், மத்தீசேயின் இரு கைகளுக்கும் நடுவே கீழிருந்து மேலாக ஒரு குத்து. மத்தீசே விழுந்தார். ஐந்தாவது சுற்றில் முட்டி போட்டார். ஏழாவது சுற்றில் மீண்டும் ஒரு இடது குத்து. மத்தீசே மறுபடியும் முட்டி போட்டு, வாயிலிருந்த பல்காப்பைத் துப்பினார். நடுவர் கென்னி பேலஸ் ஆட்டத்தை நிறுத்தினார்.

மாமாக் கடைகளில் அன்று என்ன சொன்னோம்? "எழுந்திருக்க முடியும், வேண்டுமென்றே உட்கார்ந்துவிட்டான். காசு வாங்கிக்கொண்டு போய்விட்டான்." சில வாரங்களில் மத்தீசே ஓய்வை அறிவித்தார். அதையும் கேலி செய்தோம்.

அந்த மத்தீசேயின் கதையில் ஒரு பக்கம் உண்டு. 2015 அக்டோபரில் உக்ரைனின் விக்டர் போஸ்டோலுடன் மோதியபோது, பத்தாவது சுற்றில் கண்ணருகே குத்து விழுந்து, அப்போதும் இப்படித்தான் முட்டி போட்டு எண்ணிக்கை முடியும் வரை இருந்தார். கண்ணில் ஏதோ ஆகிவிட்டது என்றார். அப்போதும் கேலிதான். ஒரு முறை கண்ணில் அடிபட்டவனுக்கு, அடுத்த முறை எப்போது நிறுத்த வேண்டும் என்று தெரியும். அது கோழைத்தனம் அல்ல, அனுபவம்.

43 ஆண்டு இடைவெளியில் ஒரே ஊரில் நடந்த இரண்டு ஆட்டங்களிலும், தோற்றவர் மீது விழுந்தது ஒரே பழி.

முட்டி போட்டவருக்கு என்ன நடந்தது?

இப்போது லண்டனுக்குப் போவோம். 1995 பிப்ரவரி 25. நைஜல் பென்னும் அமெரிக்காவின் ஜெரால்டு மெக்லெல்லனும் மோதிய ஆட்டம். முதல் சுற்றிலேயே மெக்லெல்லன் அடித்த அடியில் பென் கயிறுகளுக்கு வெளியே போய் விழுந்தார். ஆட்டம் முடிந்தது என்றே எல்லோரும் நினைத்தார்கள். பென் ஏறி வந்தார். அதன் பிறகு நடந்தது குத்துச்சண்டை வரலாற்றின் மிகக் கொடூரமான ஆட்டங்களில் ஒன்று.

ஆட்டத்தின் நடுவே மெக்லெல்லன் கண்களை மீண்டும் மீண்டும் சிமிட்டத் தொடங்கினார். பல்காப்பு வாயில் நிற்கவில்லை. பத்தாவது சுற்றில் அவர் முட்டி போட்டார். எழுந்தார். மறுபடியும் முட்டி போட்டார். நடுவர் பத்து எண்ணி முடிக்கும் வரை அப்படியே இருந்தார். அந்த நேரத்தில் தொலைக்காட்சி வர்ணனையில் வந்தது என்ன தெரியுமா? விட்டுக்கொடுத்துவிட்டார் என்ற ஏளனம்.

மெக்லெல்லன் தானாக நடந்து தன் மூலைக்குப் போனார். உட்கார்ந்தார். சரிந்தார். மூளைக்குள் இரத்தம் கசிந்து கட்டியாகியிருந்தது. உடனே அறுவை சிகிச்சை நடந்து உயிர் தப்பியது. ஆனால் பார்வை போனது. கேட்கும் திறன் பெரும்பாலும் போனது. நடமாட்டம் முடங்கியது. உலக வெற்றியாளராக இருந்தவரை, அதன் பிறகு உடன்பிறந்த சகோதரிகள் கவனித்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

மேடையில் முட்டி போட்டவன் நடிக்கிறானா, அல்லது மூளையில் இரத்தம் கசிகிறதா என்பது பத்தடி தூரத்தில் இருந்த நிபுணர்களுக்கே தெரியவில்லை. பெரிய திரையில் பார்க்கும் நமக்கு எப்படித் தெரியும்? தெரியாத விஷயத்தில், சந்தேகத்தின் பலனை யாருக்குக் கொடுக்க வேண்டும்? நீதிமன்றத்தில் குற்றம் சாட்டப்பட்டவருக்குக் கூட அதைக் கொடுக்கிறோம். அடி வாங்குகிறவனுக்குக் கொடுக்கக் கூடாதா?

சட்டம் சொன்ன தீர்ப்பு

மெக்லெல்லன் உயிர் பிழைத்ததற்கு இன்னொரு வீரரின் துயரம் காரணம். அவர் பெயர் மைக்கேல் வாட்சன். ஜமேய்க்காவிலிருந்து குடியேறிய குடும்பத்தில் பிறந்த லண்டன்காரர்.

1991 செப்டம்பர் 21. வாட்சனுக்கும் கிறிஸ் யூபாங்குக்கும் ஆட்டம். பதினோராவது சுற்றில் வாட்சன் யூபாங்கைக் கீழே தள்ளினார். வெற்றி கைக்கு எட்டிய தூரம். எழுந்த யூபாங்க் அதே சுற்றின் கடைசி நொடிகளில் ஒரே குத்து விட்டார். பன்னிரண்டாவது சுற்றில் நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார். வாட்சன் மயங்கி விழுந்தார். மேடையருகே மருத்துவர்கள் இருந்தனர். ஆனால் மூளையில் அடிபட்டவருக்கு அங்கேயே உயிர்காப்புச் சிகிச்சை கொடுக்கும் ஏற்பாடு இல்லை. விலைமதிப்பற்ற நிமிடங்கள் வீணாயின. 40 நாள் நினைவின்றிக் கிடந்தார். ஆறு அறுவை சிகிச்சைகள். உடலின் ஒரு பக்கம் செயலிழந்தது.

வாட்சன் வழக்குத் தொடுத்தார். யார் மீது? குத்திய யூபாங்க் மீது அல்ல. பாதுகாப்பு விதிகளை எழுதும் பிரிட்டிஷ் குத்துச்சண்டைக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மீது. வாரியம் என்ன வாதாடியது? நாங்கள் விதி வகுப்பவர்கள் மட்டுமே, அவருடைய பாதுகாப்புக்கு எங்களுக்குச் சட்டப் பொறுப்பு இல்லை என்றது. 2000 டிசம்பர் 19இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வீரர்கள் உங்கள் விதிகளை நம்பித்தான் மேடையேறுகிறார்கள், எனவே மேடையருகே தகுந்த மருத்துவ ஏற்பாட்டை உறுதிசெய்யும் கடமை உங்களுடையது, அதில் தவறியிருக்கிறீர்கள் என்பதே தீர்ப்பின் சாரம்.

சட்டம் படித்த எவரும் இந்த வழக்கைக் கவனக்குறைவுச் சட்டப் பாடத்தில் சந்தித்திருப்பார். எனக்கு அது பாடமாக மட்டும் தெரியவில்லை. "அவனாகத்தானே போய் நின்றான், அடிபட்டால் அவன் தலையெழுத்து" என்ற வாதம் அங்கே தோற்றது. ஒருவன் அடி வாங்கச் சம்மதித்தான் என்பதால், சாகவும் சம்மதித்தான் என்று அர்த்தமில்லை.

வாட்சனுக்கு நடந்த கொடுமைக்குப் பிறகு பிரிட்டனில் மேடையருகே மயக்க மருந்து நிபுணரும் உயிர்காப்புக் கருவிகளும் வந்தன. அந்த ஏற்பாடுதான் 1995இல் மெக்லெல்லனைக் காப்பாற்றியது. வாட்சனோ 2003இல் லண்டன் மாரத்தானை ஆறு நாள்களில் நடந்தே முடித்தார். வீரம் என்றால் அது வீரம்!

துண்டை எறிந்தவர்

கோலாலம்பூர் ஆட்டம் முடிந்து சரியாக மூன்று மாதத்தில், 1975 அக்டோபர் 1இல், அலி மணிலாவில் ஜோ ஃபிரேசியருடன் மோதினார். பெரும்பாலானோர் சிறந்த ஹெவிவெயிட் ஆட்டம் என்று சொல்வது அதைத்தான். 14 சுற்றுகள் முடிந்தபோது ஃபிரேசியரின் கண் வீங்கி மூடிப்போயிருந்தது. வரும் குத்தே அவருக்குத் தெரியவில்லை. இன்னும் ஒரே சுற்றுதான் பாக்கி. ஃபிரேசியர் ஆட வேண்டும் என்றார். அவருடைய பயிற்றுநர் எடி ஃபட்ச் முடியாது என்று ஆட்டத்தை நிறுத்தினார்.

அலியும் அப்போது நிற்க முடியாத நிலையில்தான் இருந்தார். இன்னும் மூன்று நிமிடம் விட்டிருந்தால் ஃபிரேசியர் வென்றிருக்கலாம் என்று இன்றும் வாதாடுகிறவர்கள் உண்டு. வென்றிருக்கலாம். செத்தும் போயிருக்கலாம். மூன்று நிமிடத்தில் ஒரு மனிதன் சாக முடியும் என்பதை 1982 நவம்பரில் தென்கொரியாவின் கிம் டுக் கூ காட்டிவிட்டுப் போனார். ரே மன்சினியுடன் மோதிய அவர் 14ஆவது சுற்றில் விழுந்து, சில நாள்களில் இறந்தார். உலகப் பட்ட ஆட்டங்கள் 15 சுற்றிலிருந்து 12 சுற்றாகக் குறைந்தது அந்தச் சாவுக்குப் பிறகுதான்.

என்னைக் கேட்டால், மணிலாவில் மிகப் பெரிய வீரர் அலியும் அல்ல, ஃபிரேசியரும் அல்ல. உலகம் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கும்போது, தன் பையன் வேண்டாம் என்று மன்றாடும்போது, போதும் என்று சொன்ன எடி ஃபட்ச்தான்.

அப்படி ஓர் ஆள் அலிக்குக் கடைசி காலத்தில் வாய்க்கவில்லை. 1977இல் எர்னி ஷேவர்ஸின் குத்துகளை 15 சுற்று வாங்கிய பிறகு, அலியின் மருத்துவர் ஃபெர்டி பச்சேகோ இனி ஆடக் கூடாது என்று சொல்லி, கேட்காததால் விலகிப் போனார். 1980 அக்டோபர் 2இல், 38 வயதில், லாரி ஹோம்ஸ் முன்னால் அலி நின்றார். அது ஆட்டமே அல்ல. பத்து சுற்றுக்குப் பிறகு பயிற்றுநர் ஏஞ்சலோ டண்டி நிறுத்தினார். பத்து சுற்று தாமதம்!

அதோடு முடிந்ததா? பேசிய பணம் 80 லட்சம் டாலர். ஏற்பாட்டாளர் டான் கிங் ஏறக்குறைய 12 லட்சம் டாலரைக் குறைத்துக் கொடுத்தார். அலி வழக்குத் தொடுத்தார். பிறகு 50,000 டாலர் ரொக்கத்துக்கு வழக்கைக் கைவிட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். 1984இல் அவருக்குப் பார்கின்சன் நோய் என்று தெரிய வந்தது. 2016 ஜூன் 3இல் மறைந்தார். நோய்க்குக் குத்துகள் மட்டுமே காரணமா என்பதில் மருத்துவர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஆனால் அந்தக் கடைசி ஆட்டங்கள் தேவையே இல்லை என்பதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை.

உலகின் மிகப் பலம் வாய்ந்த அரசாங்கத்திடம் "முடியாது" என்று சொன்ன மனிதர் அலி. அதனால்தான் அவரை நேசிக்கிறோம். அதே மனிதரால் ஏற்பாட்டாளரிடமும் ரசிகரிடமும் "முடியாது" என்று சொல்ல முடியவில்லை. நாம் கைதட்டிக்கொண்டே இருந்தோம், அவர் ஏறிக்கொண்டே இருந்தார்.

நம் பிள்ளைகளுக்கு யார் பிடிக்கும்?

அலி 1980இல் சென்னைக்கும் வந்து கண்காட்சி ஆட்டம் ஆடினார். வட சென்னையில் குத்துச்சண்டை அதற்கெல்லாம் முன்பே வேரூன்றிய கலை. துறைமுகத் தொழிலாளர்களும் மீனவர்களும் வளர்த்த பரம்பரைகள் அங்கே உண்டு. அந்தக் கதையைப் பா. ரஞ்சித் 'சார்பட்டா பரம்பரை' என்று எடுத்தார். கதை நடக்கும் காலம் 1975, இந்தியாவில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்ட ஆண்டு. அலி மெர்டேக்கா அரங்கில் ஆடியதும் அதே ஆண்டுதான். படம் வந்தது 2021 ஜூலையில். கிள்ளான் பள்ளத்தாக்கு முழுக்க நடமாட்டக் கட்டுப்பாட்டில் முடங்கியிருந்த நாள்களில், வீட்டுக்கு வீடு அந்தப் படம்தான் ஓடியது.

அந்தப் படத்தில் நம் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த பாத்திரம் எது? கதாநாயகன் கபிலனை விட டான்சிங் ரோஸ்தான்! வீட்டுக் கூடத்தில் பிள்ளைகள் கையை ஆட்டி, காலை மாற்றிப் போட்டு ஆடினார்கள். ரோஸின் திறமை என்ன? அடிபடாமல் இருப்பது. தலையைச் சாய்ப்பான், விலகுவான், குத்து காற்றில் போகும். அதைப் பார்த்து விசில் அடித்த நாம், பக்னர் கையை உயர்த்தித் தற்காத்தால் கோழை என்கிறோம். இது என்ன நியாயம்?

குத்துச்சண்டையின் பாதி, அடி வாங்காமல் இருக்கும் கலை. அதைச் சொல்லிக் கொடுக்காத பயிற்சிக் கூடத்தில் பிள்ளையைச் சேர்க்காதீர்கள்.

நம்மவரில் ஒருவரையே பாருங்கள். கோலாலம்பூர்த் தமிழர் அகிலன் தானி. சிறு வயதில் உடல் பருமனாக இருந்து, எடையைக் குறைக்கப் பயிற்சிக்குப் போனவர். கலப்புத் தற்காப்புக் கலையில் தோல்வியே காணாமல் வளர்ந்து, 2017 மே 26இல் சிங்கப்பூரில், ஒன் சாம்பியன்ஷிப் உலகப் பட்டத்துக்காக அமெரிக்காவின் பென் அஸ்க்ரெனோடு மோதினார். முதல் சுற்றிலேயே கழுத்துப் பிடியில் சிக்கி, விட்டுக்கொடுத்துத் தோற்றார். அவருக்கு அப்போது 21 வயது.

அந்த விளையாட்டில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. பிடியில் சிக்கியவன் கையால் தட்டினால் ஆட்டம் முடிந்தது. யாரும் அவனைக் கோழை என்பதில்லை. தட்டத் தெரியாதவனைத்தான் மடையன் என்பார்கள். கையை முறித்துக்கொள்ளாமல், கழுத்தை நெரித்துக்கொள்ளாமல் வீட்டுக்குப் போய், மறுநாள் மறுபடியும் பயிற்சிக்கு வரலாம். அகிலன் அப்படித்தான் வந்தார். 2019 ஜூன் 15இல் ஷங்ஹாயில், ஜப்பானின் புகழ்பெற்ற யோஷிஹிரோ அகியாமாவைப் புள்ளிகளில் வென்றார். சிங்கப்பூரில் தோற்றதை அவமானமாக நினைத்து மூலையில் முடங்கியிருந்தால் இந்த வெற்றி ஏது?

"பரவாயில்லை சார், தாங்கிக்கிறேன்"

தோட்டத்தில், லயன் வீட்டில் தொடங்கிய பழக்கம் நமக்கு ஒன்று உண்டு. வலியை வெளியே சொல்லக் கூடாது. சொன்னால் வேலை போகும், மானம் போகும். அந்தப் பழக்கம் தொழிற்சாலைக்கும் லோரிக்கும் கட்டுமானத் தளத்துக்கும் நம்மோடு வந்துவிட்டது.

சொக்சோ விவகாரமாக என்னிடம் வருகிறவர்களில் பலர் அடிபட்ட அன்றே வருவதில்லை. முதுகில் பிடித்திருக்கும், தைலம் தேய்த்துக்கொண்டு வேலைக்குப் போயிருப்பார்கள். விரல் நசுங்கியிருக்கும், துணி சுற்றிக்கொண்டு ஷிப்டை முடித்திருப்பார்கள். "பரவாயில்லை சார், தாங்கிக்கிறேன்." மாதங்கள் கழித்துத் தாங்க முடியாமல் வரும்போது, அடிபட்டதற்கு ஆதாரம் இருக்காது, முதலாளி அறிக்கை செய்திருக்க மாட்டார். விபத்து தெரிய வந்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி சொக்சோவுக்கு அறிவிக்க வேண்டும் என்பது விதி. ஆனால் அடிபட்டவனே வாயைத் திறக்கவில்லை என்றால் விதி என்ன செய்யும்?

தாங்குவதைப் புகழ்கிற சமுதாயத்தில் லாபம் யாருக்கு? தாங்குகிறவனுக்கு அல்ல. மேடையிலும் அப்படித்தான், தொழிற்சாலையிலும் அப்படித்தான். "நம் பையன் எவ்வளவு அடி தாங்குகிறான் பார்!" என்று ஒருவர் பெருமையாகச் சொன்னால், அந்தப் பையனை வைத்து யாரோ காசு பார்க்கப்போகிறார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

பெற்றோர் கேட்க வேண்டியவை

பிள்ளையைப் பயிற்சிக்கு அனுப்பாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. ஒழுங்கும் உடல்பலமும் தன்னம்பிக்கையும் தரும் கலை அது. தெருமுனையில் நிற்பதை விடப் பயிற்சிக் கூடத்தில் வியர்வை சிந்துவது ஆயிரம் மடங்கு மேல். ஆனால் பிள்ளை பணத்துக்காக மேடையேறப் போகிறான் என்றால், இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்.

ஒன்று: ஆட்டம் நடக்கும் இடத்தில் மருத்துவர் இருக்கிறாரா? ஆம்புலன்ஸ் வெளியே நிற்கிறதா? மூளை அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனை எவ்வளவு தூரம்? வாட்சனுக்கு இல்லாமல் போனது இவைதான்.

இரண்டு: பையனின் மூலையில் நிற்பவர் யார்? ஆட்டத்தை நிறுத்தத் தைரியம் உள்ளவரா? அவரிடம் நேராகவே கேளுங்கள்: "என் மகன் வேண்டாம் என்றாலும் நீங்கள் நிறுத்துவீர்களா, மாஸ்டர்?" பதில் சொல்லத் தயங்கினால் வேறு கூடம் பாருங்கள்.

மூன்று: மயங்கி விழுந்த பிறகு எவ்வளவு நாள் ஓய்வு? பல வெளிநாட்டு ஆணையங்கள் 30 நாள் முதல் 90 நாள் வரை கட்டாய ஓய்வு விதிக்கின்றன. அடுத்த வாரமே பயிற்சி ஆட்டத்தில் இறக்குகிறவர் குரு அல்ல. ஆட்டம் முடிந்த இரவில் தலைவலி, வாந்தி, தூக்கக் கலக்கம், பேச்சுக் குழறல் என்று எது வந்தாலும் "காலையில் பார்க்கலாம்" என்று விடாதீர்கள். நேராக மருத்துவமனை அவசரப் பிரிவுக்குக் கொண்டு போங்கள்.

நான்கு: எடையை எப்படிக் குறைக்கிறார்கள்? தண்ணீர் குடிக்காமல், வெந்நீரில் உட்கார்ந்து, ஓரிரு நாளில் பல கிலோ குறைப்பது உடலை வற்ற வைக்கும். அந்த நிலையில் தலையில் அடி வாங்குவது பேராபத்து.

ஐந்து: எதில் கையெழுத்துப் போடுகிறான்? நம் நாட்டில் 18 வயது நிரம்பாதவருக்கு ஒப்பந்தம் செய்யும் தகுதி இல்லை என்று 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 11ஆவது பிரிவு சொல்கிறது. ஒப்பந்தம் முடிந்த பிறகும் வேறு எவருக்கும் ஆடக் கூடாது என்று கட்டிப்போடும் ஷரத்துக்கு எதிராக 28ஆவது பிரிவு இருக்கிறது. "எது நடந்தாலும் வழக்குத் தொடுக்க மாட்டேன்" என்று எழுதி வாங்குகிறார்களா? வழக்குப் போடும் உரிமையையே முற்றாகப் பறிக்கும் ஷரத்து 29ஆவது பிரிவின்படி செல்லாது என்று நம் கூட்டரசு நீதிமன்றம் ஒரு வங்கி வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. ஆனால் ஒவ்வொரு பாரத்தின் வாசகமும் வேறு. எனவே கையெழுத்துக்கு முன்னால் தெரிந்த வழக்கறிஞரிடம் காட்டுங்கள். போட்ட பிறகு வருவதை விட அது சுலபம்.

ஆறு: காப்புறுதி இருக்கிறதா? தொழிற்சாலையில் வேலை செய்பவருக்கு முதலாளி சொக்சோ சந்தா கட்டுகிறார். ஆட்டத்துக்கு இத்தனை ரிங்கிட் என்று பேசி மேடையேறுகிறவனுக்கு முதலாளி யார்? அவன் விழுந்தால் மருத்துவச் செலவு யாருடையது? வாய்ப்பேச்சு வேண்டாம், எழுத்தில் வாங்குங்கள்.

ரசிகனின் பங்கு

இவ்வளவும் பெற்றோர் கடமை. ரசிகனுக்கு என்ன கடமை?

ஏற்பாட்டாளர்கள் நம் கைதட்டலைப் பார்த்துத்தான் கடை விரிக்கிறார்கள். இரத்தத்துக்குக் கைதட்டினால் இரத்தத்தை விற்பார்கள். திறமைக்குக் கைதட்டினால் திறமையை விற்பார்கள். ஒரே எடைப் பிரிவில் நான்கு அமைப்புகள் பட்டம் கொடுக்கின்றன. சில நேரம் ஓர் அமைப்பே இரண்டு பட்டம் கொடுக்கிறது. 2018இல் கோலாலம்பூரில் பக்கியாவ் வென்றது உலகக் குத்துச்சண்டைச் சங்கத்தின் வெல்டர்வெயிட் பட்டம். அதே சங்கம் அதே பிரிவில் கீத் தர்மனை மேல்நிலை வெற்றியாளராகவும் வைத்திருந்தது. இடுப்பு வார் எத்தனை வேண்டுமானாலும் செய்யலாம். மூளை ஒன்றுதான்.

ஆகவே, அடுத்த முறை ஒருவன் முட்டி போடும்போது "கோழை" என்று கத்துவதற்கு முன் ஒரு நொடி யோசியுங்கள். நடுவர் ஆட்டத்தை நிறுத்தினால் விசில் அடித்துக் கேலி செய்யாதீர்கள். துண்டு மேடையில் விழுந்தால், எறிந்த கைக்குக் கைதட்டுங்கள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் உங்கள் பையன் அதைப் பார்ப்பான். வலிக்கும்போது வலிக்கிறது என்று சொல்லலாம், முடியாதபோது முடியாது என்று சொல்லலாம், அப்பா அதற்காகத் தன்னைக் குறைவாக நினைக்க மாட்டார் என்று அவன் தெரிந்துகொள்வான்.

மேடையிலும் வேலையிடத்திலும் அவனை உயிரோடு வீட்டுக்குக் கொண்டுவரப் போவது அந்தத் தெளிவுதான்.